மேலே யாரு?

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு சங்கிலி ஏணி. கேட்ட நாளிலிருந்து இருபது வருடங்களுக்கு மேலாக நான் இதை நம்பவில்லை. இரும்பு பேசுமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. தான் தோற்றுப்போன கதையை, தன்னைத் தோற்கடித்தவர்களை இத்தனை உயர்த்தி, யாராவது சொல்வார்களா என்பதுதான் என் சந்தேகம். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, நான் சந்தேகப்பட்டது ஏணியையா என்னையா என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆகவே ஏணி சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

முன்பு ஒரு மலையில், பாறைகளில் இறங்கித் தேனெடுக்கும் சனங்கள் இருந்தார்கள். தங்களைக் கொடிக்காரர் என்று சொல்லிக்கொள்வார்கள். காட்டுக்கொடியை உரித்து, ஊறவைத்து, முறுக்கி அவர்கள் செய்யும் கயிறுதான் அந்தப் பெயருக்குக் காரணம்.

தேனடைகள் செங்குத்தான பாறையின் வயிற்றில் தொங்கும். இறங்குகிறவன் கயிற்றில் இறங்குவான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த ஒருவன் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட முடியாது. இறங்குகிறவனின் மனைவிக்கு உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவளை அறுதலியாக்க எவன் துணிவான் என்பது அவர்கள் எண்ணம். அவனுக்குத் தாங்கன் என்று பெயர்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இறங்குகிறவன் முழுப் பாரத்தையும் கயிற்றில் போடும் முன் ஒருமுறை நின்று, அண்ணாந்து, "மேல யாரு?" என்று கேட்பான். மேலே இருப்பவன், "தாங்கன் இருக்கேன்" என்பான். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் கால் அந்தரத்தில் இறங்கும். மேலே இருப்பது யார் என்று தெரிந்திருந்தாலும் கேட்பார்கள். சற்றுமுன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவனாக இருந்தாலும் கேட்பார்கள்.

அந்த மலைக்கு ஞானாபரணம் என்ற உபதேசியார் வந்து சேர்ந்தார். தெற்கே தேரிக்காட்டுப் பக்கம், பனைகளுக்கு நடுவே பிறந்தவர். ஒரு தகரப்பெட்டி, ஒரு பேனா, ஒரு நோட்டு, ஒரு சோடி பூட்ஸ்: இவ்வளவுதான் கொண்டுவந்தார். பூட்ஸ் அவரை அனுப்பிய மிஷன் சங்கத்துத் துரைமார் கொடுத்தது. மலையில் வேலை செய்கிறவர் வெறுங்காலோடு நடந்தால் சங்கத்துக்கு மரியாதை இல்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

பதினோரு வருடங்கள் அவர் அங்கே இருந்தார். யாரையும் அவசரப்படுத்தவில்லை. முதல் மூன்று வருடங்கள் பிரசங்கமே செய்யவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். புண்ணுக்கு மருந்து கட்டினார். கேட்டவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எழுத்தே இல்லாத அவர்கள் பேச்சை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி நோட்டில் சேர்த்தார். பிறகு சிலுவையில் தொங்கியவரின் கதையை அந்தப் பேச்சிலேயே எழுதத் தொடங்கினார்.

எழுதி எழுதிக் கடைசிக்குப் பக்கத்தில் வந்து, ஒரு வரியில் நின்றுபோனார்.

"ஒரு வருசமா இதே பக்கத்துல நிக்கிறோம்" என்றது பேனா. "என் நாக்கு காய்ஞ்சே போச்சு."

"எனக்கும் இந்தப் பக்கத்தில் மட்டும் எண்ணெய்க் கறை ஏறிவிட்டது. தினமும் விளக்கடியில் இதையே விரிக்கிறார்" என்றது நோட்டு.

"அப்படி என்ன வரி?" என்று மூலையிலிருந்து ஒரு புதுக் குரல் கேட்டது.

அதுதான் சங்கிலி ஏணி. அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தது. அடுத்த மலையில் தேயிலைத் தோட்டம் போட்டிருந்த வெள்ளைக்காரத் துரை அதை உபதேசியாருக்கு அனுப்பியிருந்தார். 'உம்முடைய சனங்கள் செடிகொடியை நம்பி உயிரை விடுகிறார்கள். இதைக் கொடும்' என்று ஒரு சீட்டும் கூட வந்தது. இரக்கத்தோடு எழுதிய சீட்டுதான்.

நோட்டு சொன்னது: "தொங்குகிறவர் சாகும் முன்னால் ஒரு கூப்பாடு போடுகிறார். என்னைக் கைவிட்டுவிட்டாயே என்று. அதை எழுத வேண்டும். இவர்கள் பேச்சில் 'கைவிடு' என்பதற்குச் சொல் இல்லை."

"இல்லாம எப்படி?" என்றது ஏணி.

"தேடிப் பார்த்துட்டாரு" என்றது பேனா. "மறந்துபோறதுக்குச் சொல் இருக்கு. செத்துப்போறதுக்கு நாலு சொல் இருக்கு. கோவிச்சுக்கிட்டுப் போறதுக்குப் பத்து இருக்கு. கைவிடுறதுக்கு மட்டும் இல்ல. ஒவ்வொருத்தரா உட்காரவெச்சுக் கேட்டாரு. 'பிடிச்சவன் விட்டுட்டா அதுக்கு என்ன சொல்வீங்க'ன்னு. 'பிடிச்சவன் எப்படி விடுவான்?'ன்னு திருப்பிக் கேட்டு அவரையே ஒரு மாதிரி பாத்தாங்க."

வாசலில் கிடந்த பூட்ஸ் இரண்டும் முனகின. "சும்மா தமிழ்ச் சொல்லையே போட்டுட்டுப் போக வேண்டியதுதானே. இதுக்காக எங்களைப் போட்டுக்கிட்டு மலை மலையா அலையறாரு."

"சங்கத்திலிருந்தும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றது நோட்டு. "பெரிய வெள்ளிக்கு முன்னால் கையெழுத்துப் பிரதி வந்து சேர வேண்டும். சொல் கிடைக்காவிட்டால் தமிழ்ச் சொல்லைப் போடும், சனங்கள் போகப்போகக் கற்றுக்கொள்வார்கள் என்று. அவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நேற்று என்னை மூடிவைத்துவிட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: 'இல்லாத ஒன்றை இவர்களுக்கு நானா கொண்டுவந்து கொடுப்பது?'"

ஏணிக்கு இது ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல்லுக்கு இத்தனை கவலையா என்று அது நினைத்தது.

மூன்றாம் நாள் உபதேசியார் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜடையன் குடிசைக்குப் போனார். ஜடையன் அந்த ஊரில் முதன்மையான தேனாளி. அவன் மனைவி மாதி. மாதியின் தம்பி கெம்பன்தான் ஜடையனுக்குத் தாங்கன்.

"ரெண்டு முளையைப் பாறை வெடிப்புல அடிச்சிட்டாப் போதும் ஜடையா" என்று உபதேசியார் விளக்கினார். "இரும்பு. அறுந்துபோகாது. போன மழைக்காலத்துல உன் கால் வழுக்கினப்ப எனக்கு உயிரே போயிடுச்சு."

ஜடையன் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தான். "நல்ல கனமாத்தான் இருக்கு. மேல யாரு இருக்கணும்?"

"யாரும் வேண்டாம். அதுதான் இதுல விசேஷம்."

கெம்பன் சிரித்தான். "அப்ப நான் வீட்டுல படுத்துத் தூங்கலாம்னு சொல்லுங்க."

"ஏற்கெனவே மேல உக்காந்துக்கிட்டுத் தூங்கறவன்தானே நீ" என்றாள் மாதி. எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்து அவர் பிற்பாடு பல நாள் வருந்தினார் என்று ஏணி சொல்லும்.

அன்று ஏணியையும் பழைய கயிற்றையும் ஜடையன் குடிசையில் ஒரே ஆணியில் மாட்டினார்கள். ஏணிக்குப் பக்கத்தில் கொடிக்கயிறு தொங்கியது. பழுப்பு நிறம். வியர்வையும் தேனும் புகையும் ஊறிய வாசனை.

"வயசாயிடுச்சு உனக்கு. இனி நான் பாத்துக்கறேன்" என்றது ஏணி.

"சந்தோசம்" என்றது கயிறு. "ஒண்ணே ஒண்ணு. கீழ இருந்து கூப்பிட்டா யாரு பதில் சொல்லுவா?"

"எதுக்குக் கூப்பிடணும்? கூப்பிட வேண்டிய அவசியமே என்கிட்ட இல்ல."

வயதான கயிற்றுக்குப் பொறாமை என்று ஏணி எண்ணிக்கொண்டது.

ஜடையன் ஏணியில் நான்கு தடவை தனியாகப் போய்வந்தான். முதல் தடவை இறங்கும்போது பழக்கத்தில், "மேல யாரு?" என்று கேட்டுவிட்டான். முளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஜடையன் வெட்கப்பட்டுத் தானே சிரித்துக்கொண்டு இறங்கினான். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ஊரில் மற்றவர்களும் ஏணியை இரவல் வாங்கினார்கள். துரையும் இன்னும் இரண்டு ஏணிகளை அனுப்பிவைத்தார். தேன் முன்னைவிட அதிகமாகவே கிடைத்தது. கெம்பன் சில நாள் சும்மா திரிந்தான். ஒருநாள் அக்காளும் அத்தானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து வாசலில் நின்றான்.

"உள்ள வாடா" என்றாள் மாதி.

"எதுக்கு? மேல ஆள் வேண்டாம்னு ஆயிடுச்சு. நான் தோட்டத்துக்குக் கொழுந்து கிள்ளப் போறேன்."

"கெம்பா, நீ இல்லாம எப்படிடா?" என்றான் ஜடையன்.

"இரும்பைக் கேளு, சொல்லும்."

அவன் போய்விட்டான். அவனோடு இன்னும் ஏழெட்டுத் தாங்கன்மார் தோட்டத்துக்குப் போனார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை. யாரும் சண்டை போடவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல அவர்களிடம் சொல்லும் இல்லை.

"பாத்தியா" என்றது கயிறு ஆணியிலிருந்து, மெதுவாக. "உபதேசியாரு 'கைவிடு'ங்கற சொல்லைக் கொண்டுவரக் கூடாதுன்னு ராவெல்லாம் கண்விழிக்கிறாரு. அந்தச் சொல்லோட வேலை சொல்லுக்கு முன்னாலயே வந்து இங்க ஆணியில தொங்குது."

ஏணி எனக்கு இந்த இடத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை சொல்லும்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஜடையன் ஐந்தாம் தடவையாக ஏணியோடு போனான். பாறை வெடிப்பில் மண் ஊறி நெகிழ்ந்திருந்தது. அவன் பாதி இறங்கியதும் இடப்பக்க முளை 'பொத்' என்று பிடுங்கிக்கொண்டு வந்தது. ஏணி ஒருபக்கமாகச் சாய்ந்து முறுக்கிக்கொண்டது. ஜடையன் ஒரு கையால் சங்கிலியில் தொங்கினான். தேனீக்களை விரட்ட இன்னொரு கையில் வைத்திருந்த தீப்பந்தம் கீழே விழுந்தது. அது பள்ளத்தைத் தொடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"உன் இன்னொரு முளை தாங்குமா?" என்று ஏணி தன்னையே கேட்டுக்கொண்டது. பதில் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை.

விறகு பொறுக்க வந்த மாதி மேலிருந்து இதைப் பார்த்துவிட்டாள். ஊருக்கு ஓடினாள். தாங்கன்மார் தோட்டத்தில், மற்ற ஆண்கள் இரவல் ஏணிகளோடு வேறு பாறைகளில். ஆணியில் தொங்கிய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக உபதேசியார் குடிசைக்கு வந்தாள்.

அவர் அப்போது பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அதே வரியின்முன் உட்கார்ந்திருந்தார். அன்றோடு தவணை முடிகிறது. மதியம் தபால்காரன் வருவான். வேறு வழியில்லாமல் தமிழ்ச் சொல்லின் முதல் எழுத்தை எழுதிவிட்டிருந்தார். 'கை' என்று மட்டும் இருந்தது.

"அண்ணே, வாங்க!" என்றாள் மாதி.

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார்.

பாறை உச்சியில் நின்று எட்டிப் பார்த்தபோது அவருக்குத் தலை சுற்றியது. மாதி கயிற்றின் ஒரு முனையைக் கீழே விட்டாள். அது ஜடையன் கைக்கு எட்டும் தூரத்தில் போய் நின்றது. மறுமுனையை இவரிடம் நீட்டினாள். இவர் அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கையில இல்ல!" என்று அவள் கத்தினாள். "கையில பிடிச்சா விட்டுடலாம். இடுப்புல சுத்துங்க. மூணு சுத்து. சுத்தி முடிச்சுப் போட்டுட்டா நீங்க நெனச்சாலும் விட முடியாது. அவரு போனா நீங்களும் போவீங்க. அதான் கயிறு."

அந்தச் சொல் ஏன் கிடைக்கவில்லை என்பது உபதேசியாருக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வருடமாக ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருநாளும் இந்தப் பாறைமேல் வந்து உட்கார்ந்து பார்க்கவில்லை. இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டார்.

பாறையில் இரண்டு குழிகள் இருந்தன. தலைமுறை தலைமுறையாகத் தாங்கன்மார் குதிகாலை ஊன்றி ஊன்றித் தேய்ந்த குழிகள். அவர் அவற்றில் காலை வைத்தார். பூட்ஸ் வழுக்கியது.

"எங்களைக் கழட்டு!" என்றது வலது பூட்ஸ். "மரியாதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்தக் குழிக்கு எங்க அளவு இல்ல."

அது அவருக்குக் கேட்டதோ என்னவோ, வார்களைப் பிய்த்து இரண்டையும் உதறி எறிந்தார். தேரிக்காட்டுச் சுடுமணலில் நடந்து வளர்ந்த குதிகால்கள். குழிகளில் அவை போய் அளந்துவைத்த மாதிரி உட்கார்ந்தன.

கீழே கயிறு ஜடையன் முகத்துக்கு நேரே ஆடியது. அவன் அதைத் தொடவில்லை. அண்ணாந்தான்.

"மேல யாரு?"

"நான்தான் ஜடையா! உபதேசியார்! பிடிச்சுக்கோ!"

ஜடையன் நிதானமான குரலில் சொன்னான்: "அவுத்துட்டுப் போயிடுங்க உபதேசியாரே. அது உங்க கயிறு இல்ல. நான் விழுந்தா உங்களையும் இழுத்துடும்."

"ஏலே, பிடிலே!" பதற்றத்தில் அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"மேல யாரு?" என்று மறுபடியும் அதே கேள்வி வந்தது.

ஏணியின் ஒற்றை முளை அரை விரல் வெளியே வந்துவிட்டது. "பிடிச்சுக்கடா, என்னால முடியல" என்று ஏணி கெஞ்சியது. வாழ்நாளில் முதல் தடவையாக அது இன்னொருவரைக் கெஞ்சியது.

உபதேசியார் மாதியைத் திரும்பிப் பார்த்தார். "அவன் கேக்கறதுக்கு நான் என்ன சொல்ல? நான் உன் கூடப்பிறந்தவன் இல்லையே அம்மா. பொய் சொல்லி அவனைக் கயித்துல ஏத்தவா?"

"பொய்யா?" மாதியின் கண்கள் சிவந்தன. "மூணாம் வருசம் நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி ஊத்தினேனே. கண்ணைத் தொறந்து என்னைப் பாத்து என்ன சொன்னீங்க? 'நல்லாயிரு தங்கச்சி'ன்னு சொன்னீங்க."

"எங்க ஊர்ல எல்லாப் பொண்ணுங்களையும் அப்படித்தான் சொல்…"

முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். கோயில் கோயிலாக, கூட்டம் கூட்டமாக, தாம் சகோதரிகளே என்று அழைத்த முகங்கள் எல்லாம் அந்தப் பாறைமேல் வந்து நின்ற மாதிரி இருந்தது அவருக்கு.

"எங்க ஊர்ல சும்மா சொல்றதில்ல" என்றாள் மாதி. "நீங்க அன்னைக்குச் சொல்லிட்டீங்க. எட்டு வருசமா நான் அண்ணேன்னுதான் கூப்பிடறேன். ஒருநாளாவது நான் சும்மா கூப்பிட்டேனா?"

அவர் குதிகால்களை இன்னும் அழுத்தினார். முதுகை வளைத்தார். பிரசங்கத்தில்கூட வராத ஒரு குரல் அவர் அடிவயிற்றிலிருந்து, கயிறு சுற்றிய இடத்திலிருந்து, வந்தது.

"தாங்கன் இருக்கேன்!"

கயிறு விறைத்தது. ஒரு முழு மனிதனின் பாரம் அவர் இடுப்பில் வந்து இறங்கியது. சட்டை கிழிந்தது, தோல் உரிந்தது. ஜடையன் கையும் காலுமாக ஏறி வந்தான். ஏறும் நேரம் முழுதும் உபதேசியார் அந்த இரண்டு சொற்களையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை சொன்னால் போதும் என்று அவருக்குத் தெரியாது.

மேலே வந்து விழுந்த ஜடையன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "ஒரு தடவ சொன்னாப் போதும் மச்சான். காது வலிக்குது."

பிறகு இருவரும் சேர்ந்து ஏணியையும் மேலே இழுத்தார்கள்.

மதியம் தபால்காரன் வந்தபோது உபதேசியார் வீட்டில் இல்லை. ஜடையன் குடிசையில் குப்புறப் படுத்திருந்தார். மாதி அவர் இடுப்பில் பச்சிலை அரைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தபால் வெறும் பையோடு போயிற்று. தவணை தப்பியது.

செய்தி கேட்டுக் கெம்பன் தோட்டத்திலிருந்து ஓடிவந்தான். முதலில் அத்தானைப் பார்த்தான், பிறகு உபதேசியாரின் கட்டைப் பார்த்தான், பிறகு மூலையில் கிடந்த கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என் வேலையைப் பிடுங்கிட்டீங்களே அண்ணே" என்றான் கடைசியில். சிரிக்க முயன்றான். முடியவில்லை.

"நான்தாண்டா உன்கிட்டயிருந்து அதைப் பிடுங்கினவன்" என்றார் உபதேசியார். "இன்னைக்கு இல்ல. அந்த ஏணியைத் தூக்கிக்கிட்டு இந்த வாசல்ல வந்தேனே, அன்னைக்கு. எனக்கு அது தெரியாமப் போச்சு."

கெம்பன் மறுபடியும் தோட்டத்துக்குப் போகவில்லை. போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள் என்று ஏணி சொல்லவில்லை. பாதிப்பேர் என்றுதான் சொன்னது.

கட்டுப் பிரித்த அன்று உபதேசியார் நோட்டைத் திறந்தார்.

"வாங்க வாங்க" என்றது பேனா. "இடுப்பு எப்படி இருக்கு? சொல் கிடைச்சுதா?"

'கை' என்று எழுதியிருந்ததை அவர் ஒரு கோடு போட்டு அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், தொங்கியவரின் கூப்பாடாக, இரண்டே சொற்கள் எழுதினார். அடுத்த வரியைக் காலியாக விட்டார்.

"இவ்வளவுதானா?" என்றது பேனா.

"பேசாமல் இரு" என்றது நோட்டு. "என் மேல் இதைவிடக் கனமாக நீ எதுவும் எழுதினதில்லை."

பெரிய வெள்ளிக்கிழமை காலை மூங்கில் கூடத்தில் சனங்கள் கூடினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் கொஞ்சம், பெறாதவர்கள் அதிகம். ஏணியை அங்கேதான் பின்சுவரில் மாட்டியிருந்தார்கள். ஆகவே இதை அது கண்ணால் பார்த்தது.

உபதேசியார் வெறுங்காலோடு நின்று வாசித்தார். சிலுவையில் தொங்கியவரைப் பிடித்துக்கொண்டு போனது, அடித்தது, கூட இருந்தவர்கள் ஓடிப்போனது, மரத்தில் தொங்கவிட்டது எல்லாவற்றையும் அவர்கள் பேச்சில் வாசித்தார். நடுப்பகலில் இருட்டியது என்று வாசித்தார். பிறகு அந்த இடம் வந்தது. அவர் அண்ணாந்தார். தொங்குகிறவர் கூப்பிட்டபடி வாசித்தார்:

"மேல யாரு?"

அதற்கடுத்த வரி காலி. அங்கே பதில் இல்லை, மேலே ஒருவரும் இல்லை என்பதை அவர்கள் உணரும்படி சற்று நேரம் சும்மா நிற்க வேண்டும் என்று அவர் முன்னமே தீர்மானித்திருந்தார். அந்த மௌனத்தைத்தான் கைவிடுதல் என்பதன் இடத்தில் வைத்திருந்தார். ஒரு வருடம் தேடிக் கண்டுபிடித்த மொழிபெயர்ப்பு அது.

ஆனால் அந்தச் சனங்களுக்கு அது ஒரு கதையின் வரி என்று தோன்றவில்லை. கீழேயிருந்து ஒருவன் கேட்கிறான். பதில் சொல்லாமல் அவர்களுக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது.

கெம்பன்தான் முதலில் துள்ளி எழுந்தான். "தாங்கன் இருக்கேன்!" என்று கத்தினான்.

கூடம் முழுக்க எழுந்தது. ஜடையன் கத்தினான். தோட்டத்திலிருந்து அன்றைக்கு மட்டும் வந்திருந்தவர்கள் கத்தினார்கள். அதுவரை எந்தப் பெண்ணும் சொல்லியிராத அந்தச் சொல்லை மாதி சொன்னாள். ஒருமுறை கேட்டால் ஒருமுறை சொன்னால் போதும் என்ற வழக்கத்தை மறந்து அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த மனிதர் கயிற்றில் பாரத்தைப் போட்டாரா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை அல்லவா.

உபதேசியார் மேற்கொண்டு வாசிக்கவில்லை. நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிந்திப் போய்ச் சேர்ந்த பிரதியைப் பார்த்துவிட்டுச் சங்கத்திலிருந்து பிற்பாடு கடிதம் வந்தது. அந்த வரி மூலத்தோடு ஒத்துவரவில்லை, திருத்தி அனுப்பவும் என்று. அவர் ஒரே வரியில் பதில் எழுதினார்: 'ஒத்துவரவில்லை என்பது உண்மை, இங்கே பதில் வந்துவிட்டது.' அது அச்சானதா என்பது ஏணிக்குத் தெரியாது. அந்தக் கூடத்தில் ஒவ்வொரு வருடமும் அது அப்படியேதான் வாசிக்கப்பட்டது, ஒவ்வொரு வருடமும் சனங்கள் பதில் சொன்னார்கள் என்பதுதான் அதற்குத் தெரியும்.

ஏணி இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மூங்கில் போய்க் கல்சுவர் வந்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை நான் அங்கே போவேன். அதே கதையைச் சொல்லும், நானும் நம்பாமல் கேட்டுவிட்டு வருவேன். கூடம் முழுக்க எழுந்து பதில் சொன்னது என்று ஏணி சொல்லும் இடத்தில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் முரண்டு பிடிக்கும். நான் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று யோசிப்பேன். பக்கத்தில் இருப்பவர் சொல்கிறாரா என்று பார்த்திருப்பேன் என்றுதான் தோன்றும்.

போன தடவை போனபோது துருப்பிடித்த அந்தச் சங்கிலியைக் கையில் எடுத்தேன். ஒற்றை முளை இன்னும் அதில் இருந்தது. இத்தனை வருடங்களாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"எல்லாரும் பதில் சொன்னார்கள் என்கிறாய். நீ சொன்னாயா?"